சீமெந்தும் தரமுத்திரையும்

வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டும் நம் மக்கள், சீமெந்தின் விலையை விசாரிக்கும் அளவுக்கு அதன் தரத்தை விசாரிப்பதில்லை. இலங்கை கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். முத்திரை ஒன்றேயாயினும், அதனுடனுள்ள இலக்கமே சீமெந்தின் வகையைக் கூறுகின்றது. 107 சாதாரண போட்லண்ட் சீமெந்து. 1247 எரிசாம்பல் போன்றவை சேர்ந்த கலப்புச் சீமெந்து. 515 கட்டுவேலைச் சீமெந்து.

கலப்பு என்றதும் கலப்படம் என அஞ்ச வேண்டியதில்லை. உவர்த்தன்மை மிகுந்த கரையோரங்களுக்கு அது உகந்தது. ஆனால், கல் கட்டவும் பூசவும் உரிய கட்டுவேலைச் சீமெந்தைத் தூணுக்கோ கொங்கிறீற் தட்டுக்கோ பயன்படுத்தலாகாது. 42.5 எனும் வலிமைத்தரம், 28ஆம் நாளில் பரிசோதனைச் சாந்து சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்தது 42.5 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும் என்பதைக் குறிக்கும்.

ஈரம்பட்டுக் கட்டிபிடித்த பைக்கு எந்த முத்திரையும் உத்தரவாதமாகாது. மலிவு கருதி இவற்றைப் பாராதிருப்பது உயிருக்கே உலையாகலாம் என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.