மெம்ஃபிஸில் டஸ்டி: ஓர் இசைத்தட்டின் தாமதமான அரங்கேற்றம்

கல்லூரி நாட்களில் நண்பர்கள் நடத்திய திரையிடல் ஒன்றில் க்வென்டின் டாரன்டினோவின் 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தைப் பார்த்தேன். ஜான் ட்ரவோல்டா ஒரு வீட்டுக்குள் தயங்கி நுழையும் காட்சியில் பின்னணியில் ஒரு பெண்குரல் ஒலிக்கும். ஒரு போதகரின் மகனோடு கழிந்த இளமைக் காலத்தை அது நினைவுகூரும். அக்குரல் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி ஒருவருடையது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அவர் லண்டனில் ஐரிஷ் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த வெள்ளைக்காரப் பெண் என்பதும், மேரி ஓபிரையன் என்ற இயற்பெயரை விட்டு டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற பெயரில் புகழ்பெற்றவர் என்பதும் பின்னரே தெரியவந்தன.

அப்பாடல் இடம்பெற்ற 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' என்னும் இசைத்தட்டு 1969இல் வெளிவந்தது. இன்று அது சோல் இசையின் செவ்வியல் ஆக்கங்களுள் ஒன்று. வெளிவந்த நாளிலோ அது ஏறத்தாழ ஒரு தோல்வி. காலம் தாழ்ந்து அங்கீகாரம் பெற்ற படைப்புகளின் கதை இலக்கிய வாசகர்களாகிய நமக்கு மிகவும் பிடித்தமானது. அன்றைய மக்கள் செவிடர்கள், நாம் கேட்கத் தெரிந்தவர்கள் என்ற சிறிய கர்வத்துக்கு அதில் இடமிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். நானும் இந்த இசைத்தட்டைப் பற்றி அவ்வாறே பேசிவந்தவன். அதன் வரலாற்றைச் சற்று நிதானமாகத் தொடர்ந்து சென்றபோதுதான், அதை முதலில் ஏற்க மறுத்தவர் யார் என்ற கேள்வி வேறொரு விடையைத் தந்தது.

1968இல் டஸ்டிக்கு இருபத்தொன்பது வயது. பிரிட்டனின் முதன்மையான பாப் பாடகியாகப் பல வெற்றிப் பாடல்களைத் தந்திருந்தார். ஆனால் அவருடைய மனம் அமெரிக்கக் கறுப்பின இசையிலேயே தோய்ந்திருந்தது. தேவாலயப் பாட்டின் வேகமும் புளூஸின் துயரமும் கலந்து பிறந்த சோல் இசையை அவர் வெறுமனே நகலெடுக்கவில்லை. அதன் பாடகர்களைப் பிரிட்டிஷ் மக்களிடம் கொண்டுசேர்க்க உழைத்தார். 1965இல் மோட்டவுன் நிறுவனக் கலைஞர்களைப் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அறிமுகப்படுத்திய சிறப்பு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் அவரே. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1964 டிசம்பரில், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, இனப் பிரிவினையின்றி அமரும் அவையோர் முன்னிலையில் மட்டுமே பாடுவேன் என்ற நிபந்தனையில் உறுதியாக நின்றார். அந்நாட்டு அரசு அவரை வெளியேற்றியது.

இத்தகையவர் அட்லாண்டிக் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது இயல்பே. அரீதா ஃபிராங்க்ளினின் பெரும் வெற்றிகளுக்குத் துணைநின்ற ஜெர்ரி வெக்ஸ்லர் இவருக்கும் தயாரிப்பாளர் ஆனார். டாம் டவுட், இஸ்தான்புல்லில் பிறந்த அரிஃப் மார்டின் ஆகிய இருவரும் உடன் பணியாற்றினர். பாடல் தேர்விலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. தாம் திரட்டிவைத்த பாடல்களில் ஒன்றைக்கூட டஸ்டி முதலில் ஏற்கவில்லை என்று வெக்ஸ்லர் பின்னாளில் எழுதினார். இரண்டை ஏற்றதாக டஸ்டி நினைவுகூர்ந்தார். எப்படியாயினும், நீண்ட இழுபறிக்குப் பின்னரே பதினொரு பாடல்கள் முடிவாயின. அவற்றுள் நான்கு ஜெர்ரி காஃபினும் கரோல் கிங்கும் எழுதியவை. இரண்டு ராண்டி நியூமனுடையவை. போதகரின் மகனைப் பற்றிய பாடலோ முதலில் அரீதாவுக்கு அளிக்கப்பட்டு, அவர் வேண்டாமென்று சொன்னதால் டஸ்டியிடம் வந்தது.

1968 செப்டம்பரில் டென்னஸி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரின் அமெரிக்கன் சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் பணி தொடங்கியது. அதே நகரில் அவ்வாண்டு ஏப்ரல் 4 அன்றுதான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். கறுப்பின இசையும் வெள்ளையர் இசையும் ஒரே கூடத்தில் கலந்து வாழ்ந்த ஊர் என்று பெயர்பெற்ற மெம்ஃபிஸில் அந்தக் கலப்பின் மீதான நம்பிக்கை காயம்பட்டிருந்த காலம் அது. கூடத்தின் நிலைய இசைக்குழுவோ வெள்ளையர்களால் ஆனது. ரெஜி யங்கின் கித்தாரும் டாமி காக்பில்லின் பேஸ் கித்தாரும் ஜீன் கிறிஸ்மனின் தாளமும் எண்ணற்ற சோல் பாடல்களுக்கு உடலாக இருந்தவை. பின்னணிக் குரல் தந்தவர்கள் 'ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ்' என்ற கறுப்பினப் பெண்கள் குழுவினர்.

இவர்கள் நடுவே வந்து நின்ற டஸ்டியால் பாட முடியவில்லை. பெரும் சோல் பாடகர்கள் நின்று பாடிய இடத்தில் தாம் நிற்பதை அவருக்கு எடுத்துச் சொன்னபோது, ஊக்கத்துக்குப் பதிலாக அச்சமே மிகுந்தது. தாம் வழிபட்ட குரல்களின் அருகில் தம் குரலை வைத்துப் பார்த்துத் தாமே அதற்குத் தகுதி மறுத்துக்கொண்டார். மெம்ஃபிஸில் இசைக்கருவிகளின் பகுதிகள் முடிந்தன. டஸ்டியின் இறுதிக் குரல்பதிவு பின்னர் நியூயார்க்கில்தான் நிகழ்ந்தது. அங்கும் தம் குரல் தமக்கே கேட்காதபடி காதணியில் இசையை மிக உரக்க வைத்துக்கொண்டு, சிறுசிறு துண்டுகளாகப் பாடினார் என்பார்கள். தலைப்பில் மெம்ஃபிஸ் இருக்கிறது. அந்தத் தலைப்புக்குரிய குரல் அவ்வூரில் முழுமை பெறவேயில்லை.

இதைத்தான் இந்த இசைத்தட்டு சந்தித்த முதல் நிராகரிப்பாக நான் காண்கிறேன். சந்தையின் நிராகரிப்பு பிறகுதான் வந்தது. போதகர் மகன் பாடல் தனித்தட்டாக வெளிவந்து பிரிட்டனில் 9ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 10ஆம் இடத்தையும் எட்டியது. முழு இசைத்தட்டோ அமெரிக்கப் பட்டியலில் 99ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பிரிட்டிஷ் பட்டியலில் அது இடம்பெறவேயில்லை. விமர்சகர்களும் கண்மூடிக் கிடந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 'ரோலிங் ஸ்டோன்' இதழில் கிரெய்ல் மார்கஸ் அவ்வாண்டே அதைப் பாராட்டி எழுதினார். ஆனால் அது ராக் குழுக்கள் கோலோச்சிய காலம். உயர்த்திய கொண்டையும் கண்களைச் சுற்றிய கனத்த மையுமாக மேடையேறும் பெண்ணைச் சென்ற பருவத்துப் பாப் பாடகியாகக் கருதிய இளைஞர்களுக்கு அத்தட்டை எடுத்துப் பார்க்கவே தோன்றியிராது. சோல் ரசிகர்களுக்கோ அக்கலையின் பேரூற்றுகளே அருகில் இருந்தன.

இன்று அதைக் கேட்கும்போது என்னைக் கவர்வது, அவர் எதைச் செய்யாமல் விட்டார் என்பதே. அரீதாவைப் போல் எழுந்து முழங்க அவர் முயலவில்லை. குரல் உடையும் எல்லைக்கு வந்து, உடையாமல் திரும்புகிறது. இசைக்குழு ஓங்கும் இடத்தில் அவர் தாழ்கிறார். ஒரு சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னே இழுத்து வைக்கிறார். இரவல் வாங்கிய மொழியில் உரக்கப் பேசுவதற்குக் கூசும் ஒருவரின் நாணம் அதில் இருக்கிறது. தம் குறையென்று அவர் எண்ணி நடுங்கியது எதுவோ, அதுவே பின்வந்தவர்கள் அவர் கலையின் தனித்தன்மையாகக் கொண்டாடியது. கூச்சமே இல்லாமல் அவர் மெம்ஃபிஸில் மூன்றே நாட்களில் பாடி முடித்திருந்தால், தேர்ந்த ஒரு நகலாக அது நின்றிருக்கக்கூடும்.

இந்தப் புகழும் தானாகக் கனிந்து விழவில்லை. எழுபதுகளில் டஸ்டியின் செல்வாக்கு சரிந்தது. 1987இல் 'பெட் ஷாப் பாய்ஸ்' என்னும் பிரிட்டிஷ் இரட்டையர் தம் பாடலொன்றில் அவரையும் பாடவைத்தார்கள். அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 2ஆம் இடம் வரை சென்றது. 1994இல் டாரன்டினோவின் படம் வந்தது. என்னைப் போல உலகின் ஏதேதோ மூலைகளில் இருந்தவர்கள் அந்தக் குரலைத் தேடத் தொடங்கினார்கள். காலம் நீதி வழங்கும் என்று வகுப்பறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காலம் ஒன்றும் செய்வதில்லை. தாம் நேசித்ததை மறக்க மறுக்கும் சிலர்தாம் அதைச் செய்கிறார்கள். அத்தகைய சிலர் வாய்க்காத நல்ல இசைத்தட்டுகள் எத்தனையோ. அவற்றின் பெயர்களும் நமக்குத் தெரியாது.

டஸ்டி 1999 மார்ச் 2 அன்று மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அமெரிக்காவின் 'ராக் அண்ட் ரோல்' புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்ட விழா அதே மாதம் 15ஆம் நாள் நடந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாட்டின் பண்பாட்டுச் செல்வமாகப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2019ஆம் ஆண்டுப் பட்டியலில் 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' தொகுப்பைச் சேர்த்து, 2020இல் அறிவித்தது. தம் குரல் தமக்குக் கேட்டுவிடக் கூடாதென்று காதுக்குள் இசையைக் கூட்டி வைத்துக்கொண்டு பாடிய பெண்ணின் குரலை, இனி ஒரு தேசம் காத்து வைத்திருக்கும்.