கெர்னலின் பேரேட்டைப் படித்தவர்கள்

பென் டிரைவைக் கழற்றப் போனால், "இது பயன்பாட்டில் இருக்கிறது, பிறகு முயலவும்" என்று கணினி மறுக்கும். திறந்திருந்ததை எல்லாம் மூடிவிட்டுத் திரும்ப முயன்றாலும் அதே பதில். ஏதோ ஒரு புரோகிராம் அதற்குள் ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எந்தப் புரோகிராம் என்பது கணினிக்கு நன்றாகவே தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமையும், அது திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு கோப்பையும் இயங்குதளத்தின் நடுநாயகமான கெர்னல் தன் நினைவகத்தில் பதிந்து வைத்துத்தான் காரியம் நடத்துகிறது. அந்தப் பேரேடு இல்லாமல் ஒரு நொடிகூட எதுவும் ஓடாது. வெளியே இருப்பவர் அதை எப்படிப் படிப்பது? இதற்கு ஓர் ஒழுங்கான வழியைக் கண்டடைய யூனிக்ஸ் இயங்குதள உலகத்துக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் பிடித்தன.

தொடக்கத்தில் யாரும் கெர்னலிடம் கேட்கவே இல்லை. நேரே உள்ளே போய் எடுத்துக்கொண்டார்கள்.

ஓடும் புரோகிராமுக்கு யூனிக்ஸ்காரர்கள் வைத்த பெயர் ப்ராசஸ். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பி.எஸ். என்ற கட்டளை, 1973-இல் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் மூன்றாம் பதிப்பிலேயே வந்துவிட்டது. 1975-இல் வெளியான ஆறாம் பதிப்பின் பி.எஸ். வேலை செய்த விதத்தைப் பார்த்தால் இன்றைக்குத் தலை சுற்றும். முதலில் அது வட்டில் இருக்கும் கெர்னல் கோப்பைத் திறக்கும். அதிலுள்ள பெயர்ப் பட்டியலைத் துழாவி, ப்ராசஸ் அட்டவணை நினைவகத்தின் எந்த முகவரியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும். பிறகு முழு நினைவகத்தையும் ஒரு கோப்பைப் போலக் காட்டும் 'மெம்' என்ற சாதனத்தைத் திறந்து, அந்த முகவரிக்குத் தாவி, அங்கிருக்கும் பைட்டுகளை அள்ளும். அவற்றில் எது ப்ராசஸின் எண், எது உரிமையாளர் எண் என்பதைக் கெர்னலின் மூலநிரலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கட்டளையின் பெயர் அந்த அட்டவணையில் கிடையாது. அதற்காக அந்த ப்ராசஸின் சொந்த நினைவகத்துக்குள் இறங்கி, ஸ்டேக்கின் மேல்முனையில் கிடக்கும் எழுத்துகளைப் பொறுக்க வேண்டும். இடப் பற்றாக்குறையால் அந்த ப்ராசஸ் வட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தால், வட்டிலும் போய்த் தேட வேண்டும்.

அன்றைய சிறிய கணினிகளுக்கு இது போதுமானதாக இருந்தது. எழுதியவர்களும் பயன்படுத்தியவர்களும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். கெர்னலை மாற்றினால் பி.எஸ்.-ஐயும் அன்றே மாற்றிவிடலாம்.

யூனிக்ஸ் ஊர் ஊராகப் போனபோதுதான் வினைகள் முளைத்தன. வட்டிலிருக்கும் கெர்னல் கோப்பு ஒன்றாகவும் உண்மையில் ஓடும் கெர்னல் வேறாகவும் இருந்தால், பி.எஸ். தவறான முகவரிக்குப் போய்க் குப்பையைப் படித்துக்கொண்டு வரும். சரியான முகவரிக்கே போனாலும், அது படித்துக்கொண்டிருக்கும்போதே கெர்னல் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருக்கும். பாதி பழையது, பாதி புதியது என்று ஒரு வரி கைக்கு வரும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. கெர்னல் நினைவகத்தில் ப்ராசஸ் அட்டவணை மட்டுமா இருக்கிறது? ஒருவர் விசைப்பலகையில் அடிக்கும் எழுத்துகளும் அதன் வழியாகத்தான் போகின்றன, கடவுச்சொல் உட்பட. அதனால் பெர்க்லி வழி யூனிக்ஸ்களில் அந்தச் சாதனங்களைப் பொதுமக்களிடமிருந்து மறைத்து, 'கேமெம்' என்றொரு குழுவை ஏற்படுத்தி, பி.எஸ். போன்ற சில கட்டளைகளுக்கு மட்டும் அந்தக் குழுவின் உரிமையைக் கொடுத்தார்கள். அந்தக் கட்டளைகளில் ஒன்றில் ஓட்டை விழுந்தால் கெர்னலின் அந்தரங்கம் முழுவதும் வெளியே வரும்.

பென் டிரைவ் கேள்வியைப் போன்ற ஒன்று 1985-லேயே எழுந்தது. வட்டுப் பகுதியைக் கழற்ற விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று கண்டறிய, கிளிஃப் ஸ்பென்சர் என்பவர் ஓஃபைல்ஸ் என்ற கட்டளையை எழுதி வெளியிட்டார். 1988-இல் பெர்க்லியின் 4.3 தாஹோ வெளியீட்டில் எஃப்ஸ்டாட் வந்தது. இரண்டும் கெர்னல் நினைவகத்தைத் துழாவியே பதில் சொல்லின. இவற்றை வேறு கணினிகளுக்குக் கொண்டுபோன விக் ஏபெல், பர்டியூ பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தவர். 'சன்ஓஎஸ்ஸுக்கு எப்போது தருவீர்கள்?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதிலாக, 1991-இல் அவர் எல்எஸ்ஓஎஃப் என்ற புதிய கட்டளையை எழுதினார். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடுவது என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். முதல் வெளியீடே ஏஐஎக்ஸ், ஹெச்பி-யூஎக்ஸ், நெக்ஸ்ட்ஸ்டெப், டைனிக்ஸ், சன்ஓஎஸ் ஆகிய ஐந்து யூனிக்ஸ் வகைகளில் சோதிக்கப்பட்டிருந்தது.

அந்த உழைப்பின் அளவை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த ஐந்தின் கெர்னல்களும் ஐந்து விதமான பேரேடுகளை வைத்திருந்தன. கட்டங்களின் வரிசை வேறு, அளவு வேறு. அவற்றை வெளியிட்ட நிறுவனங்கள் எதுவும் இவருக்காக அந்த உள் அமைப்பை மாறாமல் வைத்திருக்கக் கடமைப்பட்டவை அல்ல. ஒவ்வொரு புதிய வெளியீட்டுக்கும் எல்எஸ்ஓஎஃப்பைத் திருத்தி, மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. இந்த வேறுபாடுகளுக்கு அவர் 'வட்டார வழக்குகள்' என்ற பொருளில் பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்! இந்தப் பதிப்புக்காகக் கம்பைல் செய்யப்பட்டது, ஓடுவதோ வேறு பதிப்பு என்று எல்எஸ்ஓஎஃப் எச்சரிப்பதை, பெர்க்லி வழி வந்த ஃப்ரீபிஎஸ்டியின் நிர்வாகிகள் பலமுறை பார்த்திருப்பார்கள். ஒரு மனிதர் இந்த வேலையை ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகள் சலிக்காமல் செய்தார். நாள்தோறும் அந்தக் கட்டளையை அடிப்பவர்களில் அவர் பெயர் அறிந்தவர்கள் மிகக் குறைவு.

இதற்கிடையே பெல் ஆய்வகத்திலேயே இன்னொரு யோசனை பிறந்திருந்தது. 1984-இல் டாம் கில்லியன், ப்ராசஸ்களைக் கோப்புகளாகக் காட்டுவது பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். ப்ராக் என்றொரு கோப்புறை. அதில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு கோப்பு. பட்டியலிட்டால் யாருடையது, நினைவகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதெல்லாம் சாதாரணக் கோப்பின் விவரம்போலத் தெரியும். அந்தக் கோப்புகள் வட்டில் இல்லை. திறக்கும் நேரத்தில் கெர்னல் தன் பேரேட்டிலிருந்து பதில் தயாரித்துத் தருகிறது. முதல் தடவையாக, படிப்பவர் உள்ளே நுழையாமல் வாசலில் நின்று கேட்கிறார். யாருக்கு எதைக் காட்டலாம் என்று கெர்னலே முடிவு செய்கிறது.

லினக்ஸ் இந்த வழியை 1992-இல் எடுத்துக்கொண்டது. லினக்ஸுக்கு பி.எஸ். எழுதியவர் பிராங்கோ லாங்கெஸ்டர். அதைப் ப்ராக் வழியாகப் படிக்கும்படி பெருமளவு மாற்றி எழுதியவர் மைக்கேல் ஜான்சன். லினக்ஸின் ப்ராக் கோப்புகளில் பெரும்பாலானவை மனிதர் படிக்கக்கூடிய எழுத்து வடிவில் இருக்கின்றன. தனிக் கருவி எதுவும் வேண்டாம், கோப்பைத் திறந்தால் போதும். அந்த வசதியை நேசிக்காத லினக்ஸ்காரர் கிடையாது. ஆனால் அதன் விலை என்ன என்பதை 2017 காட்டியது.

ப்ராக்கில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் 'ஸ்டாட்' என்றொரு கோப்பு உண்டு. இடைவெளி விட்டு விட்டு எழுதிய ஒரு நீண்ட வரி. முதல் இடத்தில் எண், இரண்டாவதில் அடைப்புக்குறிக்குள் கட்டளையின் பெயர், ஏழாவதில் அது எந்த முனையத்தில் ஓடுகிறது என்ற எண். கணினியின் முழு அதிகாரமான ரூட் அதிகாரத்தைக் கடன் தரும் சூடோ என்ற கட்டளை, தன் முனையத்தைத் தெரிந்துகொள்ள இந்த வரியை இடைவெளிகளில் வெட்டி ஏழாவதை எடுத்துக்கொண்டிருந்தது. பெயருக்குள்ளேயே இடைவெளி இருந்தால்? சூடோவுக்கு ஒரு குறுக்குவழி இணைப்பை உருவாக்கி, அதன் பெயரில் இடைவெளிகளும் ஓர் எண்ணும் வைத்தால் கணக்குத் தள்ளிப்போகும். தாக்குபவர் எழுதிய எண்ணையே சூடோ தன் முனையம் என்று நம்பும். எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு இயங்கும் கணினிகளில், சூடோவைப் பயன்படுத்தச் சிறிது அனுமதி பெற்ற ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டே ரூட் ஆகிவிட முடிந்தது. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை அம்பலப்படுத்தினார்கள். கடைசி மூடும் அடைப்புக்குறியைத் தேடி, அதற்குப் பிறகு எண்ணும்படி சூடோ திருத்தப்பட்டது. அந்தத் திருத்தமும் போதவில்லை. பெயருக்குள் புது வரிக் குறியை வைத்தால், முதல் வரியை மட்டும் படித்த சூடோ மறுபடி ஏமாந்தது. இன்னொரு திருத்தம் வந்தது.

பெர்க்லி வழி யூனிக்ஸ்களான பிஎஸ்டி குடும்பமும் ப்ராக்கை ஏற்றுப் பார்த்தது. அங்கே கிடைத்த அனுபவம் கசப்பானது. ஒரு ப்ராசஸின் நினைவகத்தைக் காட்டும் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ப்ராசஸ் கூடுதல் அதிகாரமுள்ள புரோகிராமாக மாறும்வரை காத்திருந்தால், உள்ளே எழுதிவிட முடிந்தது. அனுமதியைத் திறக்கும்போது பார்த்தார்கள், எழுதும்போது பார்க்கவில்லை. 1997-இல் ஃப்ரீபிஎஸ்டி இதை அடைத்தது. 2000 ஜனவரியில் வெளியான அடுத்த எச்சரிக்கையின் தலைப்பே, பழைய ஓட்டை முழுதாக அடைபடவில்லை என்று ஒப்புக்கொண்டது. இன்று ஃப்ரீபிஎஸ்டியில் ப்ராக் தானாக இணைக்கப்படுவதில்லை. ஓபன்பிஎஸ்டி 2015-இல் வந்த 5.7 பதிப்பில் அதை நீக்கியே விட்டது.

பிஎஸ்டிக்காரர்கள் கையில் வேறொரு வழி இருந்தது. 4.4பிஎஸ்டி கொண்டுவந்த சிஸ்கன்ட்ரோல் என்ற அழைப்பில், இன்ன விவரம் வேண்டும் என்று எண்களால் கேட்டால், கெர்னல் அதை ஒரு கட்டமைப்பாக நகலெடுத்துக் கொடுக்கும். நினைவகத்தைத் துழாவும் பழைய வேலையையும் கேவிஎம் என்ற லைப்ரரிக்குள் அடக்கியிருந்தார்கள். சன்ஓஎஸ்ஸில் இருந்த கேவிஎம்முடன் ஒத்துப்போகும்படி அமைந்தது அது. ஆனாலும் கட்டளைக்குக் கட்டளை இதை அவரவர் கைப்பட எழுதிக்கொண்டிருந்தார்கள். ஃப்ரீபிஎஸ்டிக்கு ராபர்ட் வாட்சன் எழுதிய ப்ராக்ஸ்டாட் கட்டளை சிஸ்கன்ட்ரோலிடம் கேட்டது. எஃப்ஸ்டாட் நினைவகத்தைத்தான் துழாவியது.

2011 மே மாதத்தில் ஃப்ரீபிஎஸ்டியின் ஸ்டானிஸ்லாவ் செடோவ் இந்த இரண்டு வழிகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். லிப்ப்ராக்ஸ்டாட் என்ற அந்த லைப்ரரி 2012 ஜனவரியில் வெளியான ஃப்ரீபிஎஸ்டி 9.0-இல் இடம்பெற்றது. ஒரு திறப்பு அழைப்பு, ப்ராசஸ்களைப் பெற ஒன்று, ஒரு ப்ராசஸின் கோப்புகளைப் பெற ஒன்று, பிறகு விடுவித்து மூடுவது. ஓடும் கெர்னலானால் சிஸ்கன்ட்ரோல் வழியாகத் திறக்கலாம். விழுந்துபோன கணினி விட்டுச்சென்ற நினைவக நகலானால் கேவிஎம் வழியாகத் திறக்கலாம். திறந்த பிறகு எழுதும் நிரல் இரண்டுக்கும் ஒன்றே. பின்னாளில், விழுந்த ஒரு தனி ப்ராசஸின் கோர் கோப்பைப் படிக்கும் மூன்றாவது வழியும் சேர்ந்தது. எஃப்ஸ்டாட் அதற்குப் பிறகு தனி உரிமை எதுவும் கேட்காமல் ஓடியது. இறந்த கணினியின் நகலிலிருந்து விவரம் எடுக்க ப்ராக்ஸ்டாட் கற்றுக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டிக்குப் புதிதான ஃபியூசர் என்ற கட்டளையும் கூடவே வந்தது.

சிஸ்கன்ட்ரோல் வழியாக ஒரு ப்ராசஸைப் பற்றிக் கெர்னல் கொடுக்கும் அந்தக் கட்டமைப்பை ஒருமுறை நெருங்கிப் பார்ப்பது நல்லது. அதன் முதல் கட்டத்தில் இருப்பது ப்ராசஸின் எண்கூட இல்லை, அந்தக் கட்டமைப்பின் சொந்த அளவு. 64 பிட் கணினியில் 1088 பைட். வாங்குபவர் தான் எதிர்பார்த்த அளவோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் குப்பையைப் படிக்காமல் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இடையிடையே எதற்கும் பயன்படாத வெற்றிடங்களும் விடப்பட்டிருக்கின்றன. நாளை கெர்னலுக்குப் புதிய விவரம் சொல்ல வேண்டியிருந்தால், பழைய கட்டங்களை நகர்த்தாமல் வெற்றிடத்தில் எழுதிக்கொள்ளலாம். பந்தியில் பின்னால் வருபவருக்காக இலை போட்டு வைப்பது போன்ற ஏற்பாடு இது. இந்த அக்கறை இருந்திருந்தால் பி.எஸ். எழுதிய தலைமுறை எத்தனை இரவுத் தூக்கத்தை மிச்சம் பிடித்திருக்கும்!

லினக்ஸ் பக்கமும் பி.எஸ். கட்டளைக்குள் பொதிந்திருந்த படிக்கும் வேலை தனி லைப்ரரியாக வளர்ந்து, 2022-இல் லிப்ப்ராக்2 என்று புது உருவம் எடுத்தது. 2023-இல் எல்எஸ்ஓஎஃப்பின் 4.99.0 பதிப்பு தன் உள் வேலையை லிப்எல்எஸ்ஓஎஃப் என்ற லைப்ரரியாகப் பிரித்துக் கொடுத்தது. ஏபெல் ஓய்ந்த பிறகு அதைக் கூட்டாக ஏற்று நடத்தும் தன்னார்வலர்களின் வேலை அது.

ஒரு சிக்கல் மட்டும் எந்த லைப்ரரிக்கும் முழுதாக வசப்படவில்லை. அது கோப்பின் பெயர். கெர்னலின் பேரேட்டில் திறந்த கோப்பு ஓர் உள்ளடையாளத்தால் குறிக்கப்படுகிறது. ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கலாம், திறந்த பிறகு பெயர் அழிக்கப்பட்டிருக்கலாம். வட்டு நிரம்பிவிட்டதென்று ஒரு பெரிய லாக் கோப்பை நிர்வாகி அழிப்பார், காலி இடம் கூடாது. ஏதோ ஒரு ப்ராசஸ் அதை இன்னும் திறந்து வைத்திருப்பதால் அதன் பைட்டுகள் வட்டிலேயே இருக்கும். லினக்ஸில் ப்ராக் வழியாகப் பார்த்தால், பழைய பெயருக்குப் பின்னால் அது அழிக்கப்பட்டது என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லைக் கெர்னல் ஒட்டிக் காட்டும். அதே சொல்லில் முடியும் பெயருடன் யாராவது உண்மையிலேயே ஒரு கோப்பை வைத்திருந்தால், எழுத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. லிப்ப்ராக்ஸ்டாட் முதலில் வெளியானபோது அதன் கேவிஎம் வழியில் பெயர் கண்டுபிடிக்கும் பகுதி இல்லை என்று செடோவ் தன் குறிப்பிலேயே எழுதி வைத்திருந்தார். ஓடும் ஃப்ரீபிஎஸ்டியிலும் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் தற்காலிகப் பட்டியலில் அது அகப்படாவிட்டால், பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு மட்டுமே அச்சாகும்.