குஷ்டம் இல்லை, சொரியாசிஸ்!

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு, முழங்கையிலும் தலையிலும் வெள்ளைச் செதிலோடு ஒரு குழந்தையைக் கூட்டி வருகிறார்கள். பெற்றோர் மனதில் இருக்கும் பயம் பெரும்பாலும் ஒன்றுதான். இது குஷ்டமோ? மற்ற பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ?

இந்தப் பயத்தைக் கிராமத்து அறியாமை என்று தள்ளிவிட முடியாது. மருத்துவ உலகமே இரண்டாயிரம் ஆண்டுகள் இதே குழப்பத்தில்தான் இருந்தது! செதில் உதிரும் பல நோய்களைக் கிரேக்கர்கள் 'லெப்ரா' என்ற ஒரே சொல்லில் அடைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொரியாசிஸைத் துல்லியமாக விவரித்த லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன்கூட, அதன் ஒரு வகைக்கு லெப்ரா என்றே பெயர் வைத்தார். 1841இல் வியன்னாவின் ஹெப்ராதான் இரண்டும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார். குஷ்டத்துக்குக் காரணமான கிருமியை நார்வேயின் ஹான்சன் கண்டுபிடித்தது 1873இல். சொரியாசிஸுக்கோ கிருமியே கிடையாது. உடலின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தூண்டப்பட்டு, தோல் அளவுக்கு மீறி வேகமாக வளர்வதுதான் நோய். தொத்தவே தொத்தாது.

இந்தியாவில் 1898இல் வந்த குஷ்டரோகிகள் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலேயே அவ்வளவு காலம் இருந்த பயம் வீடுகளிலிருந்து சீக்கிரம் போய்விடுமா என்ன?

குழந்தையைப் பார்க்கும் டாக்டர் முதலில் தொட்டுப் பார்க்கிறார். குஷ்டப் படையில் பெரும்பாலும் உணர்ச்சி குறைந்திருக்கும். சொரியாசிஸில் உணர்ச்சி இருக்கும், பல பிள்ளைகளுக்கு அரிப்பும் இருக்கும். செதிலை மெல்லச் சுரண்டினால் மெழுகு போல உதிர்ந்து, அடியில் ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகள் தெரியலாம். நகத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். "இரண்டு மூன்று வாரத்துக்கு முன் தொண்டை வலி வந்ததா?" என்ற கேள்வியும் வரும். மழைத்துளி தெறித்தது போல உடம்பெங்கும் திடீரென்று வரும் வகைக்கு, தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தூண்டுகோலாக இருப்பதுண்டு. தலையில் மட்டும் இருந்தால் பொடுகு என்று நினைத்து ஷாம்பூ மாற்றியே மாதங்கள் ஓடிவிடும்.

சித்த மருத்துவத்தில் இதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயர். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகிவிடும். அதைத்தான் பூசுவார்கள். ஆங்கில மருத்துவத்தில் 1925இல் தார் களிம்பும் புற ஊதா ஒளியும் சேர்ந்த சிகிச்சை வந்தது. 1950களில் ஸ்டீராய்டு களிம்புகள் வந்தன. குழந்தைகளுக்கு இன்றும் பெரும்பாலும் களிம்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் தடவினால் பிஞ்சுத் தோல் மெலிந்துவிடும்.

களிம்புக்கு அடங்காத நோய்க்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையின் கதை சென்னைக்கு வருகிறது. பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் மதராஸ் மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போக, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. 1923இல் அமெரிக்கா போனார். அங்கே லெடர்லி நிறுவனத்தில் அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. பிறகு அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும், அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட்டையும் தயாரித்தது. அமினோப்டெரினை 1947இல் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1951இல் அதையே மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சொரியாசிஸ் படைகளும் மறைவதை கப்னர் என்ற மருத்துவர் கவனித்தார். சுப்பாராவ் அதைப் பார்க்கவில்லை. 1948இலேயே இறந்துவிட்டார்.

"புற்றுநோய் மாத்திரையா?" என்று பெற்றோர் மிரள்வது நியாயம்தான். ஆனால் சொரியாசிஸுக்கு அளவு மிகக் குறைவு. குழந்தையின் எடையைக் கணக்கிட்டு, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும். இடையில் கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் பரிசோதனை உண்டு. பக்கவிளைவைக் குறைக்க வேறு நாட்களில் கொடுப்பது எது தெரியுமா? அதே ஃபோலிக் அமிலம்! தவறுதலாகத் தினமும் கொடுத்துவிட்டால் மெத்தோட்ரெக்ஸேட் உயிரையே எடுத்துவிடும். அதனால்தான் கவனமான டாக்டர்கள் சீட்டில் "வாரம் ஒரு முறை" என்று எழுதுவதோடு விடாமல், "ஞாயிறு மட்டும்" என்று கிழமையின் பெயரையும் எழுதிக் கொடுக்கிறார்கள்.