சானடோரியமும் பெரியப்பாவின் நுரையீரலும்



போன வாரம் பிள்ளைப்பாக்கத்திலிருந்து தாம்பரம் போகும் பஸ்ஸில் என்னிடம் படித்த பையன் ஒருவன், "சார், சானடோரியம்னா என்ன சார்?" என்று கேட்டான். ஒரகடத்தில் வேலை, குரோம்பேட்டையில் குடித்தனம். தினமும் அந்த ஸ்டேஷன் பெயரைப் பார்க்கிறானாம். அதற்குள் இறங்குமிடம் வந்துவிட்டது. பதிலை இங்கே எழுதுகிறேன்.

காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். அதற்கான ஆஸ்பத்திரிதான் சானடோரியம். இங்கிலாந்தில் கணிதமேதை ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சௌரி முத்து, 1928-இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். 1937-இல் அரசு எடுத்துக்கொண்டது. 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் நெஞ்சு அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். நாட்டிலேயே அதுதான் முதலாவது. பிறகு மாத்திரைகள் வந்தன. வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டும் குணமாகலாம் என்று உலகத்துக்குக் காட்டியது, 1956-இல் நம் சென்னையில் தொடங்கிய ஆய்வு.

என் பெரியப்பாவும் அப்படி மாத்திரையில் குணமானவர்தான். ஆனால் நோய் போனாலும் அது நுரையீரலில் தோண்டிய குழி சிலருக்குத் தங்கிவிடும். மக்கிய வைக்கோலில் இருக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை மூச்சோடு உள்ளே போய், அந்தக் குழியில் உருண்டையாக வளரும். (தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவிபோல் இருந்ததால் 1729-இல் மிக்கேலி என்ற இத்தாலியப் பாதிரியார் வைத்த பெயர் அது.) பிரிட்டனில் 1968-இல் வந்த ஆய்வில், இப்படிக் குழி தங்கிய 544 பேரில் சுமார் 11 சதவீதம் பேருக்கு அந்த உருண்டை இருந்தது.

பெரியப்பா ரத்தமாக இருமினார். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தும், நோய் திரும்பிவிட்டதென்று மறுபடி அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். நாங்களும் அவர் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்தோம். வாத்தியாரான நானே என் பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரவிடவில்லை. இந்தப் பூஞ்சை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றவே தொற்றாது.

இரண்டு வருஷம் கழித்து சென்னையில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குழிக்குள் உருண்டை, அதன் மேலே பிறை நிலா மாதிரி காற்று. உருண்டைக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து சரியாக எட்டாது. ரத்தம் நிற்க வேண்டுமானால் வெட்டி எடுக்க வேண்டும், அதைத் தாங்க மற்ற நுரையீரலில் தெம்பு வேண்டும் என்றார். பெரியப்பாவுக்கு இடது பக்கம் முழுக்கச் சிதைந்திருந்ததால் அந்த நுரையீரலையே எடுத்துவிட்டார்கள்.

ஒற்றை நுரையீரலோடு இன்னும் 9 வருஷம் இருந்தார். ஏரிக்கரை மேட்டில் மட்டும் நின்று நின்று ஏறுவார். அவர் தட்டை நாங்கள் மற்றதோடு சேர்த்து வைத்த பிறகும், சாப்பிட்டதும் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைப்பதை அவர் கடைசிவரை விடவில்லை.