நியூட்ரினோ அலைவு: கோலார் தங்கவயலும் பொட்டிப்புரமும்

ஒருவகை நியூட்ரினோ பயணத்தின்போதே வேறு வகையாக மாறுவது நியூட்ரினோ அலைவு. இதன் வரலாற்றை ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே ஆய்வகம் 1998-இல் வெளியிட்ட முடிவிலிருந்து தொடங்குவதே வழக்கம். அதற்கு முன்பே, 1965-இல், கோலார் தங்கவயலில் நடந்த சோதனையை இதில் சேர்ப்பதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அங்கே அலைவு தென்படவில்லை. எனினும் பின்னாளில் அலைவைக் காட்டிக்கொடுத்த வளிமண்டல நியூட்ரினோக்கள் முதன்முதலில் பிடிபட்ட இடங்களுள் அது ஒன்று. ஆகவே சேர்ப்பதே முறை.

1960-களின் தொடக்கத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் கோலார்ச் சுரங்கத்தின் பல ஆழங்களில், காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களை எண்ணினர். ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. அந்த வெறுமையே வாய்ப்பாயிற்று. காஸ்மிக் கதிர் எட்டாத இடத்தில் பக்கவாட்டில் ஒரு மியூவான் வந்தால், அதை நியூட்ரினோவே உண்டாக்கியிருக்க வேண்டும். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், ஒசாகாவின் மியாகே, டர்ஹாமின் வுல்ஃபெண்டேல் முதலியோர் சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் ஒளிர்வுக் கருவிகளைச் சுவர்போல் நிறுத்தி, இடையே நியான் குழாய்களை அடுக்கினர். அந்த ஆழங்களைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஆய்வேடுகளில் இவர்களைப் பற்றி அதிகம் இல்லை. இதே தேடலில் இருந்த இயற்பியலாளர் ரெய்ன்ஸின் குழுவுக்குத் தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் 1965 பிப்ரவரியிலேயே ஒரு நியூட்ரினோ நிகழ்வு கிட்டியது. கோலார்க் குழுவின் கட்டுரையோ ஆகஸ்டில் இரண்டு வாரம் முந்தி அச்சேறியது. முதன்மை யாருக்கு என்பதை இருவிதமாகவும் சொல்வர்.

கோலார் ஏன் அலைவைக் காணவில்லை என்று கேட்கலாம். பக்கவாட்டில் வரும் நியூட்ரினோக்கள் கடக்கும் தொலைவு சில நூறு கிலோமீட்டர்தான்; பூமியைத் துளைத்துக் கீழிருந்து வருபவை 13,000 கிலோமீட்டர் வரை கடக்கின்றன. சூப்பர் கமியோகாண்டே மேலிருந்து வருபவற்றையும் கீழிருந்து வருபவற்றையும் பெருந்தொகையில் ஒப்பிட்டபோதே குறைவு புலப்பட்டது. கோலாரில் கிடைத்தவையோ மிகச் சில. வானிலிருந்து வருபவற்றின் தொடக்க எண்ணிக்கை கணக்கீடு மட்டுமே என்ற ஐயத்தைத் தீர்த்தவை முடுக்கிக் கற்றைகள். கே2கே சோதனை (1999–2004) கற்றையைப் புறப்படும் இடத்தருகே அளந்து, 250 கிலோமீட்டர் அப்பால் மீண்டும் எண்ணியது: எதிர்பார்த்தது சுமார் 158, வந்தது 112. மினோஸ், டி2கே ஆகிய கற்றைச் சோதனைகளும் இதை உறுதிப்படுத்தின.

கோலாரில் பிடிபட்ட அதே வளிமண்டல நியூட்ரினோக்களை ஆராய, தேனி மாவட்டப் பொட்டிப்புரத்தில் 50,000 டன் காந்த இரும்பு உணர்கருவி அமைக்க 2015-இல் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. முன்னர் தேர்ந்தெடுத்த நீலகிரிச் சிங்காரா, முதுமலைப் புலிகளை முன்னிட்டு 2009-இல் மறுக்கப்பட்டிருந்தது. ஐரோப்பாவின் செர்ன் கூடத்திலிருந்து சுமார் 7,000 கிலோமீட்டர் தொலைவுக்குப் பொட்டிப்புரம் நோக்கி நியூட்ரினோக் கற்றை அனுப்பும் யோசனையும் ஆய்வேடுகளில் உண்டு. ஆனால் 2022-இல் தமிழ்நாடு அரசு இத்திட்டத்துக்கு அனுமதி தர இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மதுரையில் அக்கருவியின் 85 டன் சிறு மாதிரி ஒன்று இயங்கியிருக்கிறது.