புற்றுநோயும் தடுப்பூசியும்

நோயின் காரணம் துணியப்படாதவரை அதற்குத் தடுப்பூசி ஆக்குதல் அரிது. புற்றுநோயைப் பொறுத்தமட்டில் இத்துணிவு நெடுங்காலந் தாழ்த்தது. அறியாமை மாத்திரம் இதற்குக் காரணமன்று. கைக்கெட்டிய சான்றை அறிஞர் பலர் ஏற்க மறுத்தமையும் காரணமாம்.

1909 ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரிலுள்ள றொக்கபெல்லர் ஆராய்ச்சி நிலையத்திற்கு மார்பிலே பெருங்கட்டியுடைய கோழியொன்று கொண்டுவரப்பட்டது. அங்குப் பணியாற்றிய பெய்ற்றன் றவுஸ் அத்தகைய கட்டியை அரைத்து, கலங்களும் பற்றீரியாக்களும் கடக்கவியலாத நுண்ணிய வடிகட்டியூடாக வடித்தார். வடிந்த தெளிநீரை நலமுள்ள கோழிகளுக்கு ஏற்றியபோது அவற்றிலும் அதே கட்டி எழுந்தது. கலம் ஒன்றேனும் இன்றிப் புற்றுப் பரவிற்றாயின், வடிகட்டியைக் கடந்து சென்றது யாது? அது வைரசே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1911 இல் இவ்வாய்வு வெளிவந்தபோது, கோழியின் நோய் வேறு, மனிதனின் நோய் வேறு என்று பலர் அதனை ஒதுக்கினர். றவுசும் சில ஆண்டுகளில் வேறு துறைக்குச் சென்றார். 1933 இல் றிச்சாட் சோப் முயல்களிற் கண்ட வைரசே அவரை மீண்டும் இத்துறைக்கு ஈர்த்தது.

இதனிடையே, எலிகளின் இரைப்பைப் புற்றுக்குப் புழுவே காரணம் என்ற டென்மார்க் அறிஞர் பீபிகர் 1926 ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றார். அக்கொள்கை பின்னர்ப் பிழையாயிற்று. உண்மை கண்ட றவுசோ 1966 வரை, தமது எண்பத்தேழாம் வயதுவரை, அப்பரிசுக்குக் காத்திருக்க நேர்ந்தது. விந்தையே!

கருப்பைக் கழுத்துப் புற்றின் வரலாறும் இத்தகையதே. ஹேர்பிஸ் வைரசே அதற்குக் காரணம் எனப் பலர் கருதிய காலத்தில், யேர்மனிய அறிஞர் ஹறல்ட் சூர் ஹவுசன் பப்பிலோமா வைரசையே சுட்டினார். அவ்வைரசின் 16 ஆம், 18 ஆம் இனங்களை அப்புற்றில் அவர் குழுவினர் 1983, 1984 ஆம் ஆண்டுகளிற் கண்டனர். அந்நோயில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு இவ்விரண்டாலும் விளைவது.

எனினும், புற்றை விளைக்கும் பரம்பரையலகுகளையுடைய வைரசை மெலிவித்து ஊசியாக ஏற்றுதல் ஆபத்தன்றோ? 1991 இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இயன் பிறேசரும் சீன அறிஞர் ஜியான் சோவும் இவ்விடரைக் கடக்க வழி கண்டனர். வைரசின் புறவுறைப் புரதம் தானே கூடி வெறுங்கூடாக அமையுமாறு செய்தனர். கூட்டினுள்ளே பரம்பரையலகு இல்லை. ஆயினும் உடல் அதனைப் பகையென்றே கொண்டு எதிர்க்கப் பழகுகின்றது. 2006 இல் இத்தடுப்பூசி வழக்கிற்கு வந்தது. 2017 இல் இலங்கையும் பாடசாலைச் சிறுமியர்க்கு அதனை ஏற்றத் தொடங்கியது. ஈரல் புற்றிலும் இவ்வழி பயன்றந்துள்ளது: 1984 முதல் குழந்தைகட்கு ஈரலழற்சி பீ வைரசுக்கெதிரான ஊசி ஏற்றிய தைவானில், சிறுவரிடையே அப்புற்றுக் குறைந்தது.

ஆயினும், இவ்வூசிகள் தொற்றைத் தடுப்பனவேயன்றி எழுந்த புற்றைக் குணமாக்குவன அல்ல. மார்பு, நுரையீரல் முதலிய உறுப்புகளில் எழும் புற்றுகளிற் பெரும்பாலானவற்றுக்கு வைரசு காரணமாகத் துணியப்படவுமில்லை. அங்கே பகையாவது உடலின் சொந்தக் கலமே. ஆதலின், நோயாளியின் கட்டியிலுள்ள மாற்றங்களை ஆராய்ந்து அவருக்கெனவே ஊசி ஆக்கும் முயற்சிகள் இப்போது சோதிக்கப்பட்டு வருகின்றன. அம்மாற்றங்கள் ஆளுக்காள் வேறுபடுதலின், ஒருவர்க்கென ஆக்கியது மற்றொருவர்க்கு உதவாது.