சித்தப்பாவின் அம்பாசிடரும் ஒரு டப்பா மெழுகும்



போன வாரம் ஐந்தருவி பக்கம் நடந்துகொண்டிருந்தேன். என்னிடம் படித்த ஒரு தம்பி, இப்போது சொந்த டாக்ஸி ஓட்டுகிறான், வண்டியை நிறுத்தி இறங்கினான். "சார், சீசன்ல வண்டிக்கு வாக்ஸ் போட நேரமே கிடைக்கல. இன்னும் 3 வருஷம் லோன் இருக்கு, பெயிண்ட் போயிரக் கூடாது. சீக்கிரம் முடிக்க வழி உண்டா?" என்றான்.

வரலாற்று வாத்தியாரிடம் கேட்கும் கேள்வியா என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது.

1978 சீசன். சித்தப்பா தென்காசியில் கறுப்பு அம்பாசிடர் ஓட்டினார். இரண்டு சவாரிக்கு நடுவே கிடைத்த அரை மணி நேரத்தில், உச்சி வெயிலில், தூசியைக் காய்ந்த துணியால் தட்டிவிட்டு வண்டி முழுக்க மெழுகைப் பூசினார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது சுண்ணாம்பு மாதிரி இறுகிவிட்டது. அழுத்தித் தேய்த்தார். துணியில் இருந்த மணல் பானெட் முழுக்கக் கோடு போட்டது. மறுபடி பெயிண்ட் அடிக்கக் கொடுத்த பணம், சித்தியின் அடகு வளையலை மீட்க வைத்திருந்தது.

காரின் வண்ண வரலாறே நேரத்தை மிச்சம் பிடித்த வரலாறுதான். முதல் கார்களுக்குக் குதிரை வண்டிக்குப் போலவே எண்ணெய் வார்னிஷைத் தூரிகையால் பூசினார்கள். பூச்சுமேல் பூச்சாகக் காய வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாளும் வண்டி தொழிற்சாலையிலேயே நிற்கும். ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் டூபான்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 'டூக்கோ' பூச்சைக் கொண்டுவந்தன. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோ செல்லுலோஸ் அது; வெடிமருந்துக்கு உறவு. 1924 மாடல் ஓக்லாண்ட் கார் இந்தப் பூச்சோடு நீல நிறத்தில் வந்தது. வாரங்கள் மணிக்கணக்காகச் சுருங்கின. நம் ஊர்ப் பெயின்டர்கள் சொல்லும் 'டூக்கோ' அங்கிருந்து வந்த சொல்தான்.

ஆனால் தொழிற்சாலையில் மிச்சமான வேலை கார்க்காரர் தலையில் விழுந்தது. அந்தப் பூச்சு வெயிலில் மங்கும்; தேய்த்து மெருகேற்றி மெழுகு போட வேண்டும். அதற்குக் கிடைத்த சிறந்த மெழுகு கார்னபா. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை, வறட்சியில் நீர் ஆவியாகாமல் தன் ஓலையின்மேல் பூசிக்கொள்ளும் மெழுகு. நம் பனைக்குத் தூரத்துச் சொந்தம். 80 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். அதனால் சித்திரை வெயிலையும் தாங்கும்.

1980களில், வண்ணத்தின்மேல் கண்ணாடி போன்ற தனிப்பூச்சு உலகமெங்கும் பரவியது. இன்று மெழுகு காப்பது அந்த மெல்லிய பூச்சைத்தான். அதில் மணல் கீறினால் சித்தப்பா கதைதான்.

தம்பிக்குச் சொன்னது இது. கழுவுவதில் நேரத்தை மிச்சம் பிடிக்காதே, மெழுகில் பிடி. நிழலில் நிறுத்து, தகடு ஆறட்டும். நன்றாகத் தண்ணீர் ஊற்றி மணலை இறக்கு. நேரம் இல்லையென்றால் கூரைக்கும் பானெட்டுக்கும் மட்டும் போடு. வெயிலும் சாரலும் பறவை எச்சமும் விழுவது அங்கேதான். குற்றாலத்துக் குரங்கு உட்காருவதும் அங்கேதான்! கதவுகள் அடுத்த வாரம் வரை காத்திருக்கும். மெல்லியதாகப் பூசு, தடிமனாகப் பூசினால் துடைக்கும் நேரம்தான் கூடும். ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போ. சீசனில் ஈர வண்டியிலேயே தெளித்துத் துடைக்கும் ஸ்பிரே வாக்ஸும் போதும். அது அதிக நாள் நிற்காது, அவ்வளவுதான்.

நேற்று போட்டோ அனுப்பியிருந்தான். பானெட்டில் சாரல் முத்து முத்தாக நிற்கிறது. சித்தப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவருடைய அம்பாசிடரில் ஏறியவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு வரி எழுதுங்கள். வாழ்க நலமுடன்.